தென்காசியில் ஒரு கொதிக்காத சொதி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். சாரல் முகத்தில் அடித்தது. குற்றாலத்துக்கு மூன்றே மைல், ஜட்காவுக்கு எட்டணா. நேரே அருவிக்குப் போயிருக்கலாம். ஆனால் நண்பர் சங்கரன் வீட்டில் அன்று சொதி, நெல்லைப் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. வயிறு விடுமா?

முந்தின நாள்தான் ஓர் இங்கிலீஷ் சமையல் புத்தகத்தைத் தமிழாக்கிச் சென்னை அச்சகத்தில் கொடுத்துவிட்டு ரயிலேறியிருந்தேன். திங்கட்கிழமை அச்சேறுகிறது. அதில் ‘சிம்மர்’ என்றொரு வினைச்சொல் நாற்பது இடத்தில் வந்து உயிரை வாங்கியது. மூன்று அகராதிகளும் ‘மெதுவாகக் கொதி’ என்றன. அவசரத்தில் ‘மெதுவாக’ என்பதை வெட்டி எறிந்து, எல்லா இடத்திலும் ‘கொதிக்க விடுக’ என்று எழுதித் தள்ளினேன். அடுப்படிப் பக்கமே போகாத ஆசாமி நான்.

பதினொரு மணி. சங்கரனின் புது மருமகன் செங்கோட்டையிலிருந்து முதல் விருந்துக்கு வருகிறார். சங்கரனின் மனைவி கோமதி, வெந்த காயில் தேங்காயின் முதல் பாலை ஊற்றிய நேரம் வாசலில் வண்டிச் சத்தம்.

“மாப்ள வந்துட்டாவ! அண்ணாச்சி, அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று ஓடினார்.

பார்த்தேன். சட்டி அசையவே இல்லை. சமையல் நூலையே தமிழாக்கியவன் சும்மா இருப்பேனா? இரண்டு விறகைச் செருகி ஊதினேன். சொதி தளதளவென்று கொதித்தது. எனக்கு ஏகப் பெருமை. அடுத்த நிமிஷம் பால் வேறு தண்ணீர் வேறாகத் திரிந்து நின்றது.

திரும்பி வந்த கோமதி தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ! முதல் பாலைக் கொதிக்க விட்டுட்டியளே! மாப்ள இலையில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இத ஊத்துவேன்?”

“கொதிக்கக் கூடாதா?”

“ஓரத்துல நுரை கட்டணும். நடுவுல ஒரு கொப்புளம் வரப்படாது. அம்புட்டுதான்!”

வெட்கத்தில் செத்தேன். சங்கரன் கூடத்தில் மருமகனைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க, நான் இரண்டு தேங்காய் துருவினேன். கோமதி காயை மட்டும் அரித்தெடுத்துப் புதுப் பால் ஊற்றினார். இம்முறை நான் சட்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வேட்டிக்கரை மாதிரி ஓரத்தில் வெள்ளை நுரை சுற்றி வந்தது. “இறக்குங்க, இறக்குங்க!” என்று கத்தியது நான்தான். அடடா, இதுவல்லவா சிம்மர்!

“அத்தே, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க” என்று மாப்பிள்ளை மூன்றாம் முறை கேட்டபோது கோமதியின் முகம் மலர்ந்தது. எனக்கோ சோறு இறங்கவில்லை. நாற்பது கொதிகள்! எத்தனை வீட்டுச் சட்டி திரியப்போகிறதோ!

இரண்டு மணிக்குத் தபாலாபீஸுக்கு ஓடினேன். ‘அச்சை நிறுத்தவும். கொதிக்க விடக் கூடாது’ என்ற தந்தியைக் குமாஸ்தா இரண்டு தடவை படித்தார்.

“என்ன சார், ஏதும் தகராறா?”

“சொதி” என்று விஷயத்தைச் சொன்னேன்.

“முதல் பால் கொதிச்சா திரிஞ்சுல்லா போவும்! இது தெரியாதா ஒமக்கு?”

ஞாயிறு முழுக்கக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தும் மனம் குளிரவில்லை. திங்கள் காலை ரயிலேறும் முன் பதில் தந்தி வந்தது: ‘நிறுத்திவிட்டோம். திருத்தத்துடன் வரவும்.’ பிளாட்பாரத்திலேயே ஒரு குதி குதித்தேன்.

சென்னை வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“இதைத் தெரிஞ்சுக்கத் தென்காசி வரைக்கும் போகணுமா? நீங்க எழுதறப்ப நான் பக்கத்து ரூம்லதானே சமைச்சிட்டிருந்தேன்?”

நாற்பது இடங்களையும் அவள் அடுப்படியில் உட்கார்ந்துதான் திருத்தினேன்.