காசு கொடுத்து வாங்கிய எண்

அவளை எல்லாரும் சாவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டு புரோக்கர். காலியாகக் கிடக்கும் வீடுகளின் சாவிகளை உரிமையாளர்கள் அவளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தனையும் கைப்பையில் கிடக்கும். "அக்கா வர்றது அடுத்த தெருவுலயே தெரியும், கழுத்துல மணி கட்டின மாடு மாதிரி" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கேலி செய்வார்.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறைதான் அவளுடைய ஆபீஸ். கூரை ஒரு பக்கம் சரிந்து வரும். வந்தவர்கள் எழுந்திருக்கும்போது, அவள் "பாத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் தலையில் இடித்துக்கொள்வார்கள். ஒரு காலத்தில் அங்கே தலையை இடித்துக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மருந்துக்கடைக்காரர் ஒருவரை அனுப்புவார், முடி திருத்துபவர் இன்னொருவரை அனுப்புவார், குடிவைத்த குடும்பம் தன் தங்கை குடும்பத்தைக் கூட்டி வரும். வயரிங் வேலை பார்த்த கணவர் போகிற வீடுகளிலெல்லாம் பேச்சோடு பேச்சாக இவள் பேரைச் சொல்லிவிட்டு வருவார்.

கணவர் போய்ச் சேர்ந்தார். மருந்துக்கடை கைமாறியது. ஊரே வீட்டைக் கைபேசியில் தேட ஆரம்பித்தது. சாவியக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரே மகள். கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் சண்டையா என்றால், இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தால்தானே? ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்டியாம்மா?" "சாப்டேன். நீ?" "ஆச்சு. அவருக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி." "சரி, உடம்பைப் பாத்துக்க." அவ்வளவுதான். போனை வைத்த பிறகு, சொல்ல மறந்தவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். அவற்றை அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்திருப்பாள். அடுத்த வாரம் மறுபடியும் "சாப்டியாம்மா?"

அப்படி ஒரு நாளில்தான் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தேன் ஒழுகும் குரல். "மேடம், வீடு தேடறவங்க எங்க ஆப்ல பதிவு பண்ணுவாங்க. அவங்க நம்பரையும் தேவையையும் நாங்க உங்களுக்கு அனுப்புவோம். அதுக்குப் பேருதான் லீட். நீங்க ஆளைத் தேடி அலையவே வேண்டாம்."

"ஆளைக் காசு கொடுத்து வாங்கணும்ங்கற?"

"ஆளை இல்லை மேடம். வாய்ப்பை."

சாவியக்கா பணம் கட்டினாள். மறுநாளே கைபேசி டிங் என்றது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவசரமாகக் கூப்பிட்டாள். "வீடா? நானா? சும்மா தட்டிப் பாத்தேங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் முகவரி வாங்க வந்த திருடனிடம் பேசுவது போலப் பேசினார். மூன்றாவது ஆள், "இப்பத்தான் நாலு பேர் கூப்பிட்டாங்க, நீங்க அஞ்சாவது" என்று சலித்துக்கொண்டார்.

அப்போதுதான் புரிந்தது, ஒரே எண்ணைப் பல பேருக்கு விற்கிறார்கள் என்று. ஒரு தரம் வீடு காட்டப் போனால் வாசலில், எல்லாரும் ஹெல்மெட் என்று கூப்பிடும் ஆள் நின்றுகொண்டிருந்தான். அவனும் புரோக்கர்தான். வீட்டுக்குள் போனாலும் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டான். கழற்றுகிற நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவன் கணக்கு.

"என்னக்கா, நீங்களும் இந்தக் கிணத்துல விழுந்துட்டீங்களா?" என்று தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டான். "யார் முதல்ல கூப்பிடறாங்களோ அவங்களுக்குத்தான் கிராக்கி. நீங்க கண்ணாடியைத் தேடிப் போட்டு நம்பரைப் படிக்கறதுக்குள்ள நான் முன்பணமே வாங்கிடுவேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு நர்ஸுக்கு அந்த வழியாகத்தான் வீடு அமைந்தது. அந்த ஒன்றைக் காட்டி மனம் அவளை இழுத்துக்கொண்டே போனது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உண்மையில் அவள் திரும்பத் திரும்பப் பணம் கட்டியதற்கு வேறு காரணமும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்தத் தேன்குரல் பெண் வாரம் தவறாமல் கூப்பிட்டாள். "எப்படி மேடம் இருக்கீங்க? முட்டி வலி பரவாயில்லையா?" என்றாள். போன வாரம் சொன்ன முட்டி வலி அவளுக்கு ஞாபகம் இருந்தது. எங்கேயோ குறித்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறாள் என்று சாவியக்காவுக்குத் தெரியாதா? தெரியும். குறித்து வைத்துக்கொள்ளவாவது ஒரு ஆள் இருக்கிறதே.

ஒரு மத்தியானம், சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது டிங் என்றது. இந்த முறை ஹெல்மெட்டை முந்த வேண்டும் என்று ஈரக்கையோடு எடுத்துப் படித்தாள். "வாடகைக்கு வீடு. தரைத்தளம் மட்டும். கணவன், மனைவி, கணவரின் அம்மா. அம்மாவுக்கு இடுப்பில் அடிபட்டிருக்கிறது. அவருக்குத் தனி அறை, பக்கத்திலேயே குளியலறை வேண்டும். அவசரம்."

அந்த வீடு அவள் பையிலேயே இருந்தது. மூன்று தெரு தள்ளி, தரைத்தளம், குளியலறைக் கதவு அகலம். ஒரு வயதானவருக்காகவே கட்டியது. சந்தோஷமாக எண்ணைத் தொட்டாள். அழைப்பு போனது. திரையில் எண் மறைந்து, அவள் எப்போதோ பதிந்துவைத்த பேர் வந்தது. பாப்பா.

கை தவறித் தொட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். துண்டிப்பதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான். நீ சாப்டியா?"

"ஆச்சும்மா."

"மாப்பிள்ளை, சம்பந்தியம்மா எல்லாம் சௌக்கியமா?"

"ம், இருக்காங்க."

"வேற விசேஷம் ஏதாவது?"

"ஒண்ணுமில்லம்மா. அம்மா, இன்னொரு கால் வருது, அப்புறம் கூப்பிடறேன்."

கூப்பிடுவது ஹெல்மெட்டாகத்தான் இருக்கும். சாவியக்கா கைபேசியை மேசைமேல் வைத்தாள். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கிறவளிடம் பெற்ற மகள் வீடு கேட்கவில்லை. முன்பின் தெரியாத கம்பெனியிடம் கேட்டிருக்கிறாள்.

கோபம் வந்தது, போய்விட்டது. காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். தனியாக இருக்கிற அம்மாவிடம், மாமியாரைக் கூட வைத்துக்கொள்ள வீடு வேண்டும் என்று எந்த மகள் வாய்விட்டுக் கேட்பாள்? கேட்டால் அடுத்த கேள்வி ஒன்று வரும். அதை அம்மா கேட்காவிட்டாலும், அது இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வரை மகள் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் ஹெல்மெட்டை டீக்கடையில் பிடித்தாள்.

"நேத்து ஒரு லீட் வந்துச்சே, இடுப்புல அடிபட்ட அம்மா. என்ன காட்டப் போற?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கேக்கா."

"அந்த இருட்டு வீடா? குளிக்கற எடத்துல மூணு படி ஏறணுமேடா."

"அவசரம்னு போட்டிருக்காங்க. அவசரத்துல யாரு படியை எண்ணுவாங்க?"

அவள் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். "இதைக் காட்டு. வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிட்டேன். என் பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது."

"கமிஷன்?"

"நீயே வெச்சுக்க."

ஹெல்மெட் முதல் முறையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினான். முன்வழுக்கை. அதைத்தான் இத்தனை நாள் மறைத்திருக்கிறான். "என்னக்கா, இதுல ஏதாவது சூது…"

"சூதும் இல்ல, வாதும் இல்ல. அது என் பொண்ணு."

அவன் டீயை வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

அந்த வாரம் தேன்குரல் பெண் கூப்பிட்டாள். "மேடம், உங்க திட்டம் முடியப் போகுது. எங்க லீட் உங்களுக்குப் பயனா இருந்துச்சா?"

சாவியக்கா யோசித்தாள். "ஓடியாடற வயசுல, மணி அடிச்ச ஒடனே கூப்பிட்டுப் பேசறவங்களுக்குப் பயன்தாம்மா. எனக்குக் கட்டாது. இனி வேண்டாம்." பிறகு, "நீ சாப்டியா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் இதற்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை போலும். "இல்ல மேடம். எங்களுக்கு இன்னும் பிரேக் விடல" என்றாள் அந்தப் பெண். குரலில் தேன் இல்லை, களைப்புதான் இருந்தது. அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் "சாப்டியாம்மா" என்று ஆரம்பிக்கவில்லை. "அம்மா, நாங்க வீடு மாறிட்டோம். அத்தை கீழ விழுந்துட்டாங்க, இனிமே எங்ககூடத்தான். உங்கிட்ட முதல்லயே சொல்லணும்னுதான்… நீ ஏதாவது நெனச்சுக்குவியோன்னு…"

"இதுல நெனைக்க என்னடி இருக்கு? விழுந்தவங்களைத் தூக்கி வெச்சுக்காம என்ன பண்ணுவ?"

மறுநாள் பழங்கள் வாங்கிக்கொண்டு போனாள். முதல்முறையாக வருகிறவளைப் போல வீட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். சம்பந்தியம்மா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். "நல்ல வெளிச்சமான வீடு" என்று சாவியக்கா தெரியாதவளைப் போலச் சொன்னாள். கை கழுவப் போனவள், குளியலறைக்கு வெளியே அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த ஸ்விட்சை, பேசிக்கொண்டே எட்டிப் போட்டுவிட்டாள்.

மகள் அதைப் பார்த்தாள். "அந்த ஸ்விட்ச் எங்க இருக்குன்னு நாங்க ரெண்டு நாள் தேடினோம்மா" என்றாள் மெதுவாக.

"எல்லா வீட்டுலயும் அங்கதானடி வெப்பாங்க."

எந்த வீட்டிலும் அங்கே வைக்க மாட்டார்கள். வயரிங்காரர் மகளுக்கு அது தெரியாதா? மகள் துண்டை எடுத்துவந்து அம்மாவின் ஈரக்கையைத் தானே துடைத்துவிட்டாள். துடைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

"நீங்க மட்டும் ஏன் தனியாக் கெடந்து கஷ்டப்படணும், சம்பந்தி? இங்கயே வந்துடுங்களேன்" என்றாள் கட்டிலில் இருந்தவள், வெள்ளை மனசாக. வீட்டில் இருந்தது இரண்டே அறை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கென்னங்க, ஊர்ப்பட்ட வீடு இருக்கு" என்று சாவியக்கா பையைக் குலுக்கிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு ஹெல்மெட் அவ்வப்போது ஆள் அனுப்பினான். வயதானவர்களுக்கு வீடு என்றால் அக்காவைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினான். மூன்று தெரு தள்ளி மகள் வந்துவிட்டதால் சாவியக்கா அடிக்கடி போய்வருகிறாள் என்றுதான் ஜெராக்ஸ் கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ கூப்பிட்டால் மட்டும் போனாள். மற்ற நாட்களில், யாருக்காவது வீடு காட்ட அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால், சத்தம் கேட்காதபடி பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு கடந்து போவாள்.