சுப்ரிமே

எங்கள் வீட்டில் எதையும் சட்டென்று வாங்கிவிட மாட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட பெரியப்பா, ஊருக்கு வரும்போது எந்த டிஜிட்டல் கேமரா வாங்கிவரட்டும் என்று போனில் கேட்டதும் அப்பா ஒரு மாதம் யோசித்தார். நெல்லித்தோப்பு ஸ்டுடியோக்காரர், மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள், லென்ஸைப் பாருங்கள் என்றார். ஆபீஸ் நண்பர் ஜூம்தான் முக்கியம் என்றார். எல்லோரையும் கேட்டுவிட்டு, மெகாபிக்சல் அதிகம் உள்ளதையே அப்பா வாங்கிவரச் சொன்னார்.

கேமரா அத்தைக்காக. அப்பாவின் தங்கை. பாரிசில் ஒரு மாப்பிள்ளை, ஸ்டுடியோ படம் வேண்டாம், வீட்டில் இயல்பாக எடுத்த படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அண்ணன்கள் இருவரும் ஒரே போனில் சம்பந்தத்துக்குச் சரி சொல்லிவிட்டார்கள். பெரியப்பா திரும்பிப் போகும்போது படங்களைக் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு.

அப்பா எடுத்தால் தலை வெட்டுப்பட்டுவிடும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பத்து வயது. வெயில் என் முதுகில் விழும்படி நின்றேன், மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். எல்லாம் ஸ்டுடியோக்காரர் சொன்னபடிதான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் அத்தை கண்ணை மூடியிருந்தார். கோளாறு கேமராவிலா, என்னிடமா என்று ஒன்றும் புரியாமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியப்பா கிளம்பும் நாள் காலையில், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தையை அவர் அறியாமல் எடுத்தேன். காற்றில் பறந்த புடவையைப் பிடிக்கப்போய்ச் சிரித்திருந்தார். கண் திறந்திருந்தது. அவ்வளவு அழகு! ஓடிப்போய்க் காட்டினேன். அத்தை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேமரா வாங்க ஒரு மாசம் யோசிச்சாங்க இல்லடி?”

“ஆமாத்த.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?”

“உனக்குத்தான் கேமராவப் பத்தி ஒண்ணும் தெரியாதே” என்றேன்.

அத்தை கேமராவில் எதையோ அழுத்தி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். திரையில் ஏதோ கேட்டிருந்தது. மெனு முழுக்க பிரெஞ்சு.

“சுப்ரிமர்னு என்னமோ போட்டிருக்கு அத்த.”

“சுப்ரிமே. அப்படித்தான் சொல்லணும். படத்தையெல்லாம் ஒசந்த தரத்துல வைக்கட்டுமான்னு கேக்குது. ஆமான்னு ‘உய்’ குடு.”

கொடுத்தேன். எல்லாப் படங்களும் அழிந்துபோயின.

கீழே சென்னைக்குப் போகும் கார் காத்திருக்க, வீடு ரெண்டுபட்டது. அப்பா கை ஓங்கியபடி என்னிடம் வந்தார். அத்தை குறுக்கே நின்றார்.

“கொழந்தைய வுடுண்ணே. நான்தான் அர்த்தம் தப்பா சொல்லிட்டேன்.”

பெரியப்பா வெறுங்கையோடு போனார். அதன்பிறகு எடுத்து அனுப்பிய படங்களிலும் அத்தை கண்ணை மூடியே இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பொறுமையிழந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அன்று அத்தை எனக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

அத்தை பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். பத்து வருடமாக அதைச் சொல்லிக்கொடுப்பவருக்கே ஒரு சொல்லுக்கு அர்த்தம் தப்பிப்போகிறதென்றால், அது எவ்வளவு பொல்லாத மொழியாக இருக்கவேண்டும்! அடுத்த வருடம் பள்ளியில் பிரெஞ்சு வேண்டுமா, இந்தி வேண்டுமா என்று கேட்டபோது, நான் பயந்துபோய் இந்தி என்று எழுதிக்கொடுத்தேன்.