மடியில் வரும் மண்

மினிபஸ்ஸில் ஏறினால் நெபஹத் இரண்டு இருக்கைக்குக் காசு கொடுத்துவிடுவாள். ஒன்று அவளுக்கு. பக்கத்து இருக்கை காலியாகவே இருக்க வேண்டும், யாராவது உட்கார்ந்தால் இடித்துவிடுவார்கள். அவள் மடியில், கம்பளிச் சால்வை சுற்றிய எஃகுக் குழாய் ஒன்று நின்றபடியே பயணம் செய்யும். அடாபசாரி நகரில் அந்தத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது பழக்கம். "அக்கா புள்ளையோட வந்திருக்காங்க, மெதுவாத்தான் போவேன், யாரும் வையாதீங்க" என்று சொல்லிவிட்டே வண்டியை எடுப்பார்கள். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவன் மட்டும் ஒருமுறை வேகத்தடையில் தூக்கிப் போட்டுவிட்டான். நெபஹத் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அங்கேயே இறங்கி, குழாயிலிருந்த மண்ணைச் சாலையோரம் கொட்டிவிட்டு, மண் எடுத்த இடத்தில் மறுபடி துளை போடச் சொல்லத் திரும்பி நடந்தாள்.

ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு, நரையை மறைக்க எந்த முயற்சியும் எடுக்காதவள். பொறியியல் படித்து, நிலம் நடுங்கும்போது மண் என்ன செய்கிறது என்று ஆராய்வதையே பிழைப்பாக்கிக்கொண்டவள். யாரோ ஒருவருடைய வீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த ஈர மணல்தான் அந்தக் குழாயில் இருப்பது. அது பூமிக்குள் எப்படி நின்றதோ அப்படியே, தன் தண்ணீரோடு, குலுங்காமல் ஆய்வுக்கூடம் வந்து சேர வேண்டும். வழியில் குலுங்கினால் மணல் இறுகிப்போகும். இறுகிய மணல் பலசாலி மாதிரி நடிக்கும்.

ஆய்வுக்கூடத்தில் அந்த மண்ணுக்கு ரப்பர் உறை போட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் தூணாக நிறுத்துவார்கள். இயந்திரம் அதை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஏதோ ஒரு அழுத்தலில், சத்தமே இல்லாமல், தூண் கூழாகிவிடும். எதுவும் உடைந்திருக்காது. அந்தக் கணத்தில் நெபஹத் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெல்லச் சொல்வாள்: "விட்டுடுச்சு." கேட்பவர்களுக்கு அவள் தரும் விளக்கமும் அவ்வளவுதான். "மணலும் மணலும் கை கோத்துக்கிட்டு நிக்குது. ஆட்டம் வந்தா நடுவுல தண்ணி பூந்துடும். கைய விட்டுடும். அப்புறம் அது தரை இல்ல, கொளம்."

அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து காலை ஆட்ட முடியாது. பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, ஆடும் முழங்காலை அமுக்கிவிடுவாள். அமைச்சகத்திலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவருக்கும் இது நடந்தது. பழைய ஆற்றுப் படுகைமேல் எழுந்த தெருக்களில் நடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

தொண்ணூற்றொன்பதில் நடந்த பெரிய நிலநடுக்கத்தில் அவள் குடியிருந்த கட்டடம் இடியவில்லை, இறங்கியது. கீழ்த்தளத்தின் ஜன்னல்கள் வரை மண் விழுங்கிக்கொண்டது. அலமாரியில் ஒரு கோப்பைகூடக் கவிழவில்லை. மாடி பால்கனியிலிருந்து நெபஹத் சிரமமே இல்லாமல் தெருவில் கால் வைத்தாள். கீழ்வீட்டுப் பள்ளி ஆசிரியர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார், அவருடைய அலாரம் கடிகாரம் மட்டும் வீட்டிலேயே இருந்தது. தினமும் காலையில், பள்ளிக்கு எழும் நேரத்தில், தெருவுக்கு அடியிலிருந்து அது அடித்தது. கூடாரங்களில் தங்கியிருந்தவர்கள் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, அது ஓயும்வரை காத்திருப்பார்கள். பாட்டரி தீர்ந்து அது நின்றுபோன காலையில்தான் நெபஹத் முதன்முதலாக அழுதாள்.

தங்கை பெரிஹான் இருப்பது ஆற்றுப் படுகைத் தெரு ஒன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஓர் அத்திமரம், அதற்காகவே வாங்கிய வீடு. தென்கிழக்கில் வந்த நிலநடுக்கத்தில் ஊர் ஊராகக் கட்டடங்கள் விழுந்த பிறகு, அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கும் பயம் வந்து பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள். கட்டடப் பொறியாளர் வேதாத் தூண்களைத் தட்டியும் துளைத்தும் பார்த்துவிட்டு, இரும்பும் கான்கிரீட்டும் முதல் தரம் என்று மனதாரப் பாராட்டினார். பிறகு மண்ணுக்குத் துளை போட்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்து நெபஹத்துக்குக் காய்ச்சல். பெரிஹானின் கணவன் ரித்வான் குழாய் ரிப்பேர் வேலை செய்கிறவன், மனைவியின் அக்காமேல் உண்மையான பிரியம் உள்ளவன். அவள் எழுந்து அலைய வேண்டாம் என்று, மண் குழாயைத் தன் பிக்கப் வண்டியில், ஸ்பானர்களுக்கும் இரும்புத் துண்டுகளுக்கும் நடுவே படுக்கப் போட்டு, கல் பாவிய சாலையில் பறந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டான். இப்படிப்பட்ட உதவியை யார்தான் திட்ட முடியும்?

காய்ச்சல் விட்டு வந்து நெபஹத் குழாயைத் திறந்தபோது, மணல் ஒரு விரல் அளவு கீழே இறங்கியிருந்தது. மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீரை வடித்துவிட்டு இயந்திரத்தில் ஏற்றினாள். மண் அசையவே இல்லை. தங்கை வீடு தப்பித்தது என்று நம்ப அவளுக்கும் ஆசைதான்.

சேதி தெரிந்த சந்தோஷத்தில் அந்தச் சாயங்காலம் பெரிஹான் பாலாடைக்கட்டி வைத்து பொரெக் பலகாரம் சுட்டு, மாடிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாள். நெபஹத் தட்டைத் தொடவில்லை. எல்லோரும் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அது இந்த வீட்டு மண்ணு இல்ல பெரிஹான். வண்டியில குலுங்கிக் குலுங்கி இறுகிப்போன மண்ணு."

ரித்வானின் முகம் விழுந்துவிட்டது. "நான் என்னவோ திருட்டுத்தனம் பண்ணின மாதிரி சொல்றீங்களே அக்கா" என்றான். அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் நெபஹத்.

அத்திமரத்தடியில் மறுபடி துளை போட்டார்கள். இந்த முறை மண் அவள் மடியில் வந்தது. இயந்திரம் ஆரம்பித்த சற்று நேரத்திலேயே தூண் தளர்ந்து உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த வேதாத் பாவம், ஆறுதல் சொல்ல முயன்றார். கட்டடத்தில் ஒரு விரிசல்கூட விழாது என்றார். "தெரியும், முழுசா உள்ள போகும்" என்றாள் நெபஹத்.

வீட்டைக் காலிசெய்யப் பெரிஹான் சம்மதிக்கவில்லை. தாள்களைக் காட்டியும் பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை. இருபது வருஷமாகச் சும்மா கிடக்கிற பூமி இன்றைக்கா எழுந்து வரப்போகிறது என்று கேட்டாள். கடைசியில் வேண்டுமென்றே குத்தினாள்: "ஒனக்கு இன்னும் அந்தக் கடிகாரம் கேக்குது. அதுக்கு நான் வீட்ட விடணுமா?"

மறுநாள் மதியம் நெபஹத் மீதி மண்ணை ஒரு பையில் கொண்டுவந்தாள். தங்கையின் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து, மணலை அதன் தண்ணீரோடு மெதுவாகக் கொட்டிச் சமன்படுத்தினாள். ரித்வான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், விரல் இறங்கவில்லை. அவன் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் பித்தளை நட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மணல்மேல் நிமிர்த்தி வைத்தாள். "இது நம்ம வீடா அக்கா" என்று சிரித்தான் அவன். கிண்ணத்தில் எந்த மணலைப் போட்டாலும் ஏறத்தாழ இதையேதான் செய்யும், ஆய்வில் இதைச் சேர்க்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் கரண்டிக் காம்பால் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டினாள், குழந்தையை எழுப்புகிற மாதிரி அத்தனை மெதுவாக.

மணல் பளபளத்தது. நட்டு சாயவில்லை, ஆடவில்லை. நிமிர்ந்தபடியே இறங்கியது. மேலே மணல் மூடிக்கொண்டு, அங்கே ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோலச் சமமானது. ரித்வானின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து மூலையில் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கிண்ணத்துத் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. மூவரும் அவற்றைப் பார்த்தார்கள்.

பெரிஹான் தரையிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்து நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

நெபஹத் எழுந்து வாசலுக்குப் போனாள். விருந்தாளி விடைபெறும் நேரத்தில், அவர் காலணியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பது இங்கே வீட்டுக்காரர் செய்யும் மரியாதை. அவள் சிரமப்பட்டுக் குனிந்து, முதலில் ரித்வானின் வேலைக் காலணிகளையும் பிறகு தங்கையின் செருப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.