இலங்கைக் கோடு ஏன் இறங்கியது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு இரண்டு நாடுகள் வந்திருந்தன. ஒரு பழைய லேப்டாப்பில்தான்...

மலைக் கிராமமான பேத்துப்பாறையில் கவிதா வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்காது. அதனால் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் அவள், பெருமாள்மலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடவே அவள் அம்மா ராஜேஸ்வரி. பூண்டுத் தோட்டத்தில் கூலி வேலை. சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்.

மறுநாள் கவிதாவுக்கு செமினார். இந்தியாவும் இலங்கையும் வருஷா வருஷம் இறக்குமதி செய்த பேப்பர் பொருட்களை ஒப்பிட வேண்டும். போன செமினாரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம். பதில் தெரியாமல் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள். இந்த முறையும் அப்படி ஆனால் காலேஜுக்கே போகமாட்டேன் என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் பேப்பருக்கும் என்ன சம்பந்தம்? வாரா வாரம் பத்திரிகையில் எழுதி அதை வீணாக்குகிறேன், அவ்வளவுதான்.

கிராஃப் தயாரானது. இந்தியக் கோடு நம் மலை பஸ் மாதிரி முக்கி முனகி மேலே ஏறியது. இலங்கைக் கோடு அடியில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் மட்டும் சடாரென்று ஓர் இறக்கம்.

“இது ஏன் இறங்குச்சுன்னு கேப்பாங்களே சார்?” என்றாள் கவிதா.

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? தன்னிறைவு என்றேன். சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பாராட்டி இரண்டு வரி சேர்த்துக்கொள் என்றேன். அவளும் நம்பி டைப் செய்தாள்.

பஸ் போய்விடும், வெரசா முடிங்க என்று மட்டும் அதுவரை சொல்லிக்கொண்டிருந்த ராஜேஸ்வரி எழுந்து வந்தார். அது எந்த வருஷம் என்று கேட்டார். சொன்னேன்.

“அது டாலர் இல்லாம நாடே தவிச்ச வருஷங்க சார். பேப்பர் இல்லாம பரீட்சையவே தள்ளி வச்சாங்க. எங்க அக்கா பேத்தி ஒரே கொப்பியில, அதாங்க நோட்டுல, பென்சிலால எழுதி, அழிச்சு, மறுபடி அதுலயே எழுதிக்கிட்டுக் கெடந்துச்சு.”

அக்கா கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டவர். அந்தச் சமயத்தில் அங்கிருந்து இங்கே ஒரு விசேஷத்துக்கு வந்த உறவினர், திரும்பும்போது கொண்டுபோகத் தைலமும் சாக்லெட்டும் வாங்கிப் பையை ரொப்பி வைத்திருந்தாராம். அவருக்குத் தெரியாமல் அதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஒரு டஜன் நோட்டை அடுக்கி அனுப்பியிருக்கிறார் ராஜேஸ்வரி. அந்த மனிதர் இன்றுவரை இவரோடு பேசுவதில்லை.

சிரித்துவிட்டேன். ஆனாலும் வெட்கமாக இருந்தது. ஒரு குழந்தை நோட்டு இல்லாமல் தவித்ததற்கு நான் பாராட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கவிதா அந்த இரண்டு வரியை நீக்கினாள்.

திங்கள் சாயங்காலம் போன் வந்தது. பேராசிரியர் நேராக அந்த இறக்கத்தைக் காட்டித்தான் கேட்டாராம். கவிதா பத்து நிமிஷம் பேசினாளாம்... டாலர், பரீட்சை, பென்சில், தைலம் எல்லாவற்றையும். இதற்கெல்லாம் ஆதாரம் எது என்று அடுத்த கேள்வி.

“எங்க அம்மான்னு சொன்னேன் சார். குறிச்சுக்கிட்டாரு.”

இப்போதெல்லாம் ஏதோ குறைந்துவிட்டது என்று நியூஸில் சொன்னால் நான் உடனே கைதட்டுவதில்லை. குறைந்தது சரி... யார் வீட்டில்?