சிக்னல் அண்ணன் டி.வி.யில் வந்த கதை

கேபிள் லைன் பார்க்கிறவருக்கு ஊர் வேறென்ன பெயர் வைக்கும்? சிக்னல் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் யாரும் படித்ததில்லை. "அண்ணே, படம் புள்ளி புள்ளியா வருதுண்ணே" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், சாப்பிட்ட கை காய்வதற்குள் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. லைனைச் சரிசெய்துவிட்டு ஏதோ ஒரு சேனலைக் காட்டி நழுவுகிற ஆள் இல்லை. எந்த வீட்டில் யார் எதைப் பார்ப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பெரியவர் இருந்தால் செய்தி, குழந்தை இருந்தால் பொம்மைப் படம், சலூன்காரர் வீடென்றால் விளையாட்டு. அவரவர் சேனலை வைத்து, அவரவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் ஏணியை எடுப்பார். வேலை இழுக்கும் போலிருந்தால், "நாளைக்கு வந்துடும்" என்பார். வந்துவிடும். வராதென்றால் வராதென்றே சொல்லிவிடுவார். அந்த "வந்துடும்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அந்தத் தெருக்களில் பாதிப்பேர் வேறு கம்பெனிக்கு மாறாமல் இருந்தார்கள். இது அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். வில்லங்கமே அங்கேதான்.

கம்பெனி என்றால் மனிதருக்கு உயிர். மேனேஜர் தோளில் கைபோட்டு "நம்ம கம்பெனிண்ணே" என்று சொல்லிவிட்டால், அன்றைக்குக் கால் தரையில் பாவாது. "நீங்க கட்டிக்கிட்டது என்னையா, உங்க கம்பெனியையா?" என்று மனைவி தையல் மெஷினை மிதித்தபடியே கேட்பாள். அவர் சிரிப்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் ஒன்று வருமென்று அவர் நினைக்கவே இல்லை.

இவர்களுக்கு ஒரே மகள். வாலிபால் ஆடுகிறாள். ஓங்கி அடித்துக் கைதட்டல் வாங்குகிறவள் இல்லை, அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். செட்டர் என்பார்கள். அவளுடைய கிழிந்த முழங்கால் உறைகளையெல்லாம் அம்மாதான் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுப்பாள். ஆனால் மகள் ஆடி அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போட்டியெல்லாம் வெளியூரில், அம்மாவுக்கோ பஸ் ஆகாது. நாலு நிறுத்தம் போவதற்குள் தலை கிறுகிறுத்துப் படுத்துவிடுவாள்.

அந்த வருஷம் மகளின் அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. பெண்கள் இறுதிப் போட்டியை முதன்முறையாக டி.வி.யில் நேரடியாகக் காட்டப்போகிறார்கள் என்று மகள் போனில் குதித்தாள். டி.வி.யில் மட்டும்தான், வேறெதிலும் வராது. "அம்மா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் மெஷின மூடி வச்சிட்டு டி.வி. முன்னாடி உக்காந்துடணும். சொல்லிட்டேன்."

"அப்பா நேர்லயே வர்றேன்டி தங்கம்" என்றார் சிக்னல் அண்ணன். லீவு எழுதிக் கொடுத்தார், பஸ்ஸில் இடமும் போட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா சண்டை வர வேண்டும்? அந்தப் போட்டியைக் காட்டப்போகிற விளையாட்டுச் சேனல்காரர்கள், எங்கள் சேனலைக் காட்ட இனி கூடுதலாகக் கொடு என்றார்கள். கேபிள் கம்பெனி, முடியாது என்றது. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருநாள் காலையில் அந்தச் சேனல் கறுத்துப்போனது. குளிர்சாதன அறையில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் வெயிலில் ஏணி தூக்குகிறவனுக்குத்தான் உதை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, இவருக்கு எட்டுப் பக்கமும் இடி. தெருவில் இறங்கினால், "என்ன அண்ணே, மேட்சு எங்கே?" என்று பல் துலக்கிக்கொண்டிருந்தவன்கூட நுரையோடு கேட்டான். பலர் டிஷ்ஷுக்கு மாறப்போவதாக மிரட்டினார்கள்.

மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். அதிலேயே பாதி ஆள் விழுந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க இல்லன்னா தெரு நம்மள விட்டுப் போயிடும். லீவ மட்டும் விட்டுக் குடுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள சேனல் வந்துடும். நான் சொல்றேன்."

"நெசமா வந்துடுமா சார்? என் வீட்டுக்காரி பாக்கணும் சார், அவ பாத்ததே இல்ல."

"என்னண்ணே, என்னையே நம்பலையா? வந்துடும்."

அவர் தெருவுக்குக் கொடுக்கிற அதே சொல்லை மேனேஜர் அவருக்குக் கொடுத்தார். அவர் கொடுக்கும்போது அதில் பொய் இருந்ததில்லை, அதனால் வாங்கும்போதும் அதில் பொய் இருக்குமென்று அவருக்குத் தோன்றவில்லை. பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் இன்னொன்றும் கேட்டார். கம்பெனியின் பின்னறையில் நீலத் திரை ஒன்றைக் கட்டி, கேமரா முன் அவரை நிறுத்தினார்கள். "மனசுல இருக்கறத அப்படியே பேசுங்கண்ணே." சிக்னல் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு பேசினார். "என் பொண்ணு பைனல்ல ஆடறா. அவங்க அம்மா அவ ஆடிப் பாத்ததே இல்ல. சேனல்காரங்க கொஞ்சம் மனசு வைக்கணும். எங்க கம்பெனி எங்களுக்காகத்தான் போராடுது." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைச் சொல்லிக்கொடுத்தது யாருமில்லை, தானாக வந்தது.

மறுநாளிலிருந்து அந்தச் சேனல் எண்ணை அழுத்தினால் கறுப்புத் திரை இல்லை. சிக்னல் அண்ணன். பேசுவார், கண்ணைத் துடைப்பார், மறுபடி முதலிலிருந்து பேசுவார். பகலெல்லாம், இரவெல்லாம். கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த வசவெல்லாம் அப்படியே சேனல்காரர்கள் பக்கம் திரும்பியது. "ஒரு தகப்பன இப்படியா அழவிடுவானுங்க, பாவிங்க!" என்று கடைத்தெருவே கொதித்தது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமை இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்.

சலூன்காரர் மட்டும் பொறுக்க முடியாமல் டிஷ்ஷுக்கு மாறிவிட்டார். அவர் வீடு எதிர்வீடு. சிக்னல் அண்ணன் நேராக சலூனுக்குள் போய், பாதி மழித்த முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்க, சண்டையே போட்டுவிட்டார்.

"இத்தன வருஷப் பழக்கம், ஒரு வாரம் பொறுக்க முடியலையா உனக்கு?"

"கோவப்படாதீங்கண்ணே. ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வாங்க, அண்ணியக் கூட்டிட்டு வாங்க. பொண்ணு மேட்ச சேர்ந்து பாக்கலாம்."

"உன் வீட்டுப் படிய நானும் மிதிக்கமாட்டேன், அவளும் மிதிக்கமாட்டா. எங்க வீட்லயே வரும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே கண்டிப்பாகச் சொன்னார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேனல் வரவில்லை. மனைவி தலைவாரி, நல்ல புடவை கட்டி, மெஷினை மூடிவைத்துவிட்டு டி.வி. முன் உட்கார்ந்திருந்தாள். டி.வி.யில் அவள் புருஷன் பேசிக்கொண்டிருந்தார்.

"வந்துடும், சேனல மாத்தாத. கடைசி நேரத்துலதான் விடுவாங்க" என்றார். மேனேஜருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். போட்டி தொடங்கும் நேரமானது. "நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று வண்டியை எடுத்தார்.

மேனேஜர் வீடு இரண்டாவது மாடி. அந்த வீட்டுக்கு லைன் இழுத்தது இவர்தான். படியேறும்போதே பின்பக்கத்துப் பால்கனி கண்ணில் பட்டது. துணிக்கொடிக்குப் பின்னால், காயப்போட்ட போர்வை மறைக்க, ஒரு டிஷ். அடுத்த கம்பெனி டிஷ். அதைப் பார்த்த பிறகும், விருந்தாளி யாராவது கொண்டுவந்திருப்பார்கள் என்று அவர் மனசு ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தது. விருந்தாளி யாராவது டிஷ்ஷைக் கையோடு கொண்டு வருவானா? நம்பிக்கை முற்றினால் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மேனேஜர், அவர் மனைவி, மச்சான் குடும்பம். பெரிய டி.வி.யில் வாலிபால். அதில், கையை மேலே தூக்கியபடி, அவர் மகள்.

மேனேஜர் ஒரு நொடி திகைத்தார். ஒரே நொடிதான். "அட, வாங்கண்ணே வாங்க! சரியான நேரத்துக்கு வந்தீங்க. பாருங்க, உங்க பொண்ணு என்னமா ஆடுது!"

"சேனல் வரல சார்."

"தெரியும்ணே. நாளைக்குக் காலைல வந்துடும்."

"நாளைக்கா? மேட்ச் இன்னிக்கு சார்."

மேனேஜர் எழுந்து வந்து வழக்கம்போலத் தோளில் கை போட்டார். "உங்ககிட்ட மறைக்கறதுக்கென்ன. போன வாரமே அவங்க எறங்கி வந்துட்டாங்க. மேலிடத்துலதான், இந்தப் பைனல் முடியற வரைக்கும் இழுத்துப் பிடி, இன்னும் எறங்குவாங்கன்னாங்க. எல்லாம் உங்க வீடியோவால வந்ததுண்ணே. ஜனங்க சேனல்காரன அந்தக் கிழி கிழிக்கறாங்க. சும்மா சொல்லக்கூடாது, நீங்க அழுத அழுகை இருக்கே, கோடி கொடுத்தாலும் கெடைக்காது."

பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. கழுத்தை அறுத்துவிட்டு, ரத்தம் நல்ல சிவப்பு என்று மெச்சுகிற மாதிரி இருந்தது. போன வாரமே மகள் தன் வீட்டு டி.வி.க்கு வந்திருக்க வேண்டியவள், தன் கண்ணீர்தான் அவளை வழிமறித்து நின்றிருக்கிறது என்று சிக்னல் அண்ணனுக்குப் புரிந்தது. அந்தக் கையைத் தோளிலிருந்து தட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

"என் வீட்டுக்காரி அங்க உக்காந்துட்டு இருக்கா சார்" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"அடடா. சரி, நீங்களாவது பாருங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மகள் சர்வீஸ் போடப் போனாள். இந்த ஒரு பாயிண்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போன் செய்து, வெட்கத்தை விட்டு சலூன்காரர் வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அந்தப் பாயிண்ட் முடிந்தது. அடுத்ததும் முடியட்டும் என்று நினைத்தார். அவளும் விட்டுக்கொடுக்காமல் ஆடினாள். விழுந்து எழுந்து, சறுக்கி, எங்கெங்கோ போகிற பந்தையெல்லாம் ஓடிப்போய்த் தூக்கிக் கொடுத்தாள். இப்படி ஆடுவாள் என்று அவருக்கே தெரியாது. நின்றபடி பார்த்தவர் எப்போது சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாரென்று அவருக்கு நினைவில்லை. மேனேஜர் மனைவி நீட்டிய டீயை எப்போது குடித்தாரென்றும் நினைவில்லை. கடைசிப் பாயிண்டில் அணி ஜெயித்தபோது மேனேஜர் வீட்டார் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பையிலிருந்த போன் ஞாபகம் வந்தது. இனி யாருக்குப் போன் செய்து என்ன சொல்வது?

வண்டியை உருட்டாத குறையாக வீட்டுக்கு வந்தார். பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். எதிர்வீட்டில் சலூன்காரர் குடும்பம் இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. தன் வீட்டில் மனைவி அதே இடத்தில், அதே புடவையில் இருந்தாள். டி.வி.யில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், சத்தத்தை மட்டும் குறைத்துவைத்திருந்தாள்.

"என்ன சொன்னாரு உங்க மேனேஜர்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மகளின் போன் வந்துவிட்டது. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம்.

"அப்பா! ஜெயிச்சிட்டோம்பா! நீதான் வரேன்னு சொல்லிட்டு வரல. டி.வி.லயாவது பாத்தியா?"

ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்த பிள்ளையிடம் இன்னொருமுறை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"பாத்தேன்டா தங்கம். கடைசிப் பந்த இந்தப் பக்கம் குடுக்கற மாதிரிப் போய் முதுகுக்குப் பின்னாடி தூக்கிவிட்டியே..."

மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"அப்ப சேனல் வந்துடுச்சா! மேனேஜர் சொன்ன மாதிரியே வந்துடுச்சில்ல? அம்மா, நீயும் பாத்தியாம்மா?"

மனைவி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பார்வையை அவர் மேலிருந்து எடுக்கவில்லை.

"நான் எங்கடி ஒன்னப் பாத்தேன்? சாயங்காலம் பூரா ஒங்கப்பாவத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அம்மா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, அந்தப் பக்கம் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.