எட்டடிக்கு ஆறடி

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்கும் அவள் அக்கா. ஸ்டெய்னர் முறைப் பள்ளி அது. பாடப்புத்தகம் கிடையாது, படித்ததைப் பிள்ளைகளே எழுதி, மெழுகு வண்ணத்தில் படம் போட்டு, தங்கள் புத்தகத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பிள்ளைகளோடு அவளும் ஏறி வந்திருந்தாள். மூன்றாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க அளவும் வீடு கட்டுவதும்தான் பாடம். மண்வெட்டி, பூவாளி எல்லாம் வைக்கத் தோட்டத்தில் ஓர் அறை கட்டுவது என்று முடிவாயிற்று.

முதலில் முழம் போட்டு அளந்தார்கள். நான்கு குழு, நான்கு சுவர், குழுவுக்கு ஒரு பிள்ளையின் கை அளவுகோல். செங்கல் நாலு வரிசை ஏறியதும் ஒரு மூலையில் சுவரும் சுவரும் சேராமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானேக்கா?" என்று முறைத்தாள் நெட்டைச்சி. வகுப்பிலேயே நீளமான கை அவளுடையது.

"தெரியும்."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா தலையாட்டியிருப்பீங்க. இப்ப சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

அரை நாள் சண்டை. கடைசியில், எல்லாருக்கும் பொதுவாக ஒரே அளவு வேண்டும் என்று அவர்களே வந்து நின்றார்கள். அடி, அங்குலம் அதன் பிறகுதான் வகுப்புக்குள் வந்தது. கட்டியதைப் பிரித்து, ஒட்டிய சேற்றைச் சுரண்டி, செங்கலை மறுபடி அடுக்கினார்கள்.

அந்த வாரம் பெற்றோர் கூட்டம். நெட்டைச்சியின் அப்பா கட்டடப் பொறியாளர். எழுந்தார்.

"மூணு வாரம் ஆச்சு. கட்டினதையும் பிரிச்சுப் போட்டிருக்கீங்க. என் பொண்ணு படிக்க வந்தாளா, சித்தாள் வேலைக்கு வந்தாளா?"

கூட்டத்தில் சிரிப்பு. ஆசிரியைக்கு முகம் சுட்டது. அவளுடைய அம்மா இருபத்தாறு வருடம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள். கல்லூரியிலும் சரி, வேலைக்குச் சேர்ந்தபோதும் சரி, அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் "வீட்லதான் இருக்காங்க" என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். இப்போது நாக்கு அந்தப் பொய்க்கு வளையவில்லை.

"எங்கம்மா சித்தாள் சார். லீவு நாள்ல நானும் கூடப் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கேன். பின்னம்னா என்னன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது, அரைக் கல்லையும் முக்கால் கல்லையும் வச்சு. பருவம் முடியட்டும். சுவர் மட்டமா இருக்கான்னு நீங்களே வந்து ரசமட்டம் வச்சுப் பாருங்க."

வீட்டில் சொன்னபோது அம்மா, "அதைப் போய் எதுக்குடி நாலு பேர் நடுவுல சொன்னே?" என்றாள். ஆனால் அன்று முழுக்க வாய் நிறையப் பேச்சு. எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடிக்குச் சுமந்தாள் என்பது வரை வந்தது.

இரண்டாம் முறை எட்டடிக்கு ஆறடி. நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, வரிசைக்கு வரிசை சரிபார்த்தார்கள். ஒரு வரிசைக்கு இத்தனை கல் என்றால் பதினெட்டு வரிசைக்கு எத்தனை என்று, வாய்ப்பாடு என்றாலே ஓடுகிற பிள்ளைகள்கூடச் சேற்றுக் கையோடு கத்தினார்கள். மழையில் ஒருநாள் சாந்து கரைந்தது. சாக்கு போட்டு மூடிக் காப்பாற்றினார்கள்.

திறப்பு நாளில் பொறியாளர் சொன்னபடி ரசமட்டத்தோடு வந்தார். நான்கு சுவரிலும் வைத்தார். குமிழி நடுவிலேயே நின்றது.

"இந்த மூலை எப்படிம்மா இவ்வளவு சரியா வந்துச்சு?" என்று மகளைக் கேட்டார்.

"ஒரு பக்கம் மூணடி, ஒரு பக்கம் நாலடி குறிச்சு, குறுக்கே அஞ்சடி வந்தா மூலை சரிப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஷூவைக் கழற்றி வைத்து, சட்டைக் கையை மடித்து, கூரைத் தகரத்தின் ஒரு முனையைப் பிடித்தார். மகளோடு திறப்புக்கு வந்திருந்த ஆசிரியையின் அம்மா சுவரைத் தட்டிப் பார்த்து, "என் மேஸ்திரிங்க பல பேரு இப்படிக் கட்டினதில்ல" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

தகரம் முடுக்கியதும் இருபத்திரண்டு பேரும் ஒரே பாய்ச்சலாக உள்ளே நுழைந்தார்கள். "அக்கா, நீங்களும்!" என்று இழுத்ததில் அவளும் போய்ச் சேர்ந்தாள். கதவைச் சாத்த முடியவில்லை. ஒரு மண்வெட்டிக்குக்கூட உள்ளே இடமில்லை.