மீன் கழுவிய தண்ணீர்

மாடியில் அன்றைக்கு இருந்தவர்கள்: ஹமீது காக்கா, நாற்காலியில். அவர் மனைவி சுபைதா. குளச்சலிலிருந்து வந்திருந்த காக்காவின் அக்கா ஆயிஷா. நாற்காலியைத் தூக்க எனக்குக் கை கொடுத்த ஆட்டோ மணி. அப்புறம் நான்.

தக்கலையில் காக்கா வீட்டு மாடியில் குடுவைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பிட்சர் பிளான்ட் என்பார் அவர். கல்ஃபை விட்டு வந்தபின் மாடியில் நெட் கட்டி வளர்த்தார். இலை நுனியில் குடுவை தொங்கும். பூச்சி அதில் விழுந்து கரையும். சாப்பாடு அவ்வளவுதான். வேருக்கு உரம் ஆகாது. உப்பு ஏறினால் வேர் கருகிவிடும் என்பதால் கிணற்றுத் தண்ணீர்கூட ஆகாது. டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீர் மட்டும்.

சர்க்கரையில் காக்காவின் வலது கால் அழுகியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போனேன். டிரம் தண்ணீர் தவிர எதுவும் ஊற்றக் கூடாது என்று மட்டும் சொல்லி, செடிகளை ஆயிஷாம்மாவிடம் விட்டோம். மயக்கம் தெளிந்து காக்கா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெரிய குடுவ தொறந்துச்சா தங்கராசு?"

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குத் தூக்கச் சொன்னார்.

மேலே மீன் நாற்றம். தொட்டிகளில் செதில். இலைகள் அடியிலிருந்து கறுத்திருந்தன.

"என்னத்த ஊத்துன லாத்தா?" என்று காக்கா அக்காவிடம் கேட்டார்.

"மீனு கழுவுன தண்ணிதான். நம்ம வீட்டு முருங்க அதக் குடிச்சுதானே காய்க்கு? இது பூச்சியே தின்னுக செடி. மீனு தின்னாதா?"

மணி சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆயிஷாம்மா எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"வெறும் தண்ணி ஊத்திப் பட்டினி போடுதியேன்னு நெனச்சேன் மக்கா."

காக்கா கோபப்படவில்லை. "ஏன்னு நான் ஒரு நாளும் சொல்லல்லியே" என்றார். என்னைக் கத்தி எடுக்கச் சொன்னார்.

வேர் அழுகினால் ஒரே வழி, நுனியை வெட்டிப் புதிதாக வைப்பது. வெட்டிய இடம் சுத்தப் பச்சையாக இருக்க வேண்டும். கறுப்பு கொஞ்சம் இருந்தாலும் மேலே ஏறிவிடும். ஒவ்வொன்றாக வெட்டிக் காட்டினேன்.

"இன்னும் மேல வெட்டு."

"ஒண்ணும் மிஞ்சாது காக்கா."

"மிஞ்சாண்டாம். இப்ப எரக்கப்பட்டா நாளைக்கும் வெட்டணும்."

சுபைதாம்மா எழுந்து கீழே போய்விட்டார்.

மழைத்தண்ணீரில் அலசி, மண்ணுக்குப் பதிலாகப் போடும் பாசியில் புதிதாக ஊன்றி, பிளாஸ்டிக் கவரால் மூடினோம். ஒவ்வொன்றுக்கும் "இது எதுக்கு?" என்று ஆயிஷாம்மா கேட்டார். காக்கா பொறுமையாகச் சொன்னார்.

அவர் கால் புண் ஆறவில்லை. திரும்பவும் கொண்டுபோனோம். முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். உயிரோடு வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. செடியை இன்னொருவர் கையில் விட்டால், எது கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஏன் கூடாது என்றும் சொல்லுங்கள்.

ஆயிஷாம்மா குளச்சலுக்குத் திரும்பவில்லை. மழை தொடங்கியதும் அவரும் நானும் கவர்களை எடுத்தோம். தண்டுகளை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தார். பல கையோடு வந்தன.

ஊன்றியது முப்பத்தொன்று. வேர் பிடித்தது நான்கு.